நாற்றம் குற்றமா?

2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. தென் மாவட்டங்களில் டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த காலம். அப்போது நான் பணியாற்றிய பங்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அக்காய்ச்சலுக்கு இரையானாள். மூன்று பிள்ளைகளுள் அவள் நடுப்பிள்ளை. அடக்கச் சடங்கு முடிந்து, உறவினர் யாவரும் கல்லறைத் தோட்டத்தின் வாயிலை நோக்கித் திரும்பிய வேளையில், அவளுடைய தாய் மட்டும் பின்தங்கி நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“மூணு புள்ளையளும் ஒரே வீட்டுலதான சாமி இருந்துச்சு? இவள மட்டும் ஏன் தேடிப் புடிச்சுது?”

“எல்லாம் ஆண்டவருடைய திருவுளம் அம்மா” என்றேன். அவர் தலையசைத்தார். சற்றுத் தயங்கி நின்று, இன்னொன்றையும் சொன்னார்: “எங்க வீட்ட நாறுத வீடுன்னு சொல்லுதாவ சாமி. நான் தெனமும் பெருக்கித் தொடச்சித்தான் வச்சிருக்கேன்.”

இதற்கு நான் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அவருடைய தலைமீது கைவைத்து ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன். முதல் கேள்விக்கு அவசரமாக விடையளித்தேன். இரண்டாவது வேதனைக்கு விடையே அளிக்கவில்லை. இவ்விரண்டு குறைகளும் நெடுங்காலம் என் மனத்தை உறுத்தின. ‘தேடிப் பிடித்தது’ என்று அந்தத் தாய் சொன்ன சொல் வெறும் புலம்பலன்று, அறிவியல் உண்மை என்பதைப் பின்னாளில் படித்தறிந்தபோது அவ்வுறுத்தல் இன்னும் கூர்மை பெற்றது. நோயைச் சுமந்து திரியும் பூச்சி மனிதனைத் தேடுகிறது. அது தேடுவதற்குத் துணையாவது மணம். அப்படியானால், அந்த மணத்துக்கு யார் பொறுப்பு? துன்புறுகிறவருடைய நாற்றம் அவருடைய குற்றமா?

கெட்ட காற்று

நோய்க்கும் நாற்றத்துக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் எங்கள் ஊர்த் தெருவில் தொடங்கியதன்று. மலேரியா என்னும் சொல்லே அவ்வழக்கத்தின் நினைவுச் சின்னமாக நிற்கிறது. இத்தாலிய மொழியில் அதன் பொருள் ‘கெட்ட காற்று’ என்பதாகும். உரோமை நகரைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலங்களிலிருந்து எழும் அழுகல் வாடையே கோடைக்காலக் காய்ச்சலைக் கொண்டு வருகிறது என்று பல நூற்றாண்டுகள் மக்கள் நம்பினர். மாலை மயங்கியதும் சன்னல்களை அடைத்தனர். அடைத்த சன்னல் கொசுவையும் தடுத்தது என்பதால், தவறான காரணத்துக்காகச் செய்த செயல் ஓரளவு நன்மையும் தந்தது. ஆயினும் காய்ச்சல் ஓயவில்லை. 1623-ஆம் ஆண்டுக் கோடையில் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களுள் பலர் அதே காய்ச்சலில் வீழ்ந்தனர்.

உண்மையை வெளிக்கொணரும் பேறு நம் நாட்டு மண்ணுக்குக் கிடைத்தது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் படை மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், அனோபிலிஸ் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்காக 1902-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கொசு யாருடைய குருதியைக் குடித்திருந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. உசேன் கான் என்னும் நோயாளியின் குருதி அது. தம்மைக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா என்று கூலி பேசி, காய்ச்சலோடு அவர் தம் உடலைக் கொசுக்களுக்கு ஒப்புக்கொடுத்தார். மாபெரும் கண்டுபிடிப்பின் அடியில், கூலிக்குக் கடிபட்ட ஓர் ஏழையின் உடல் இருக்கிறது.

ராசின் கண்டுபிடிப்புக்குப் பின் கெட்ட காற்று என்னும் கொள்கை சரிந்தது. ஆனால், மணத்துக்கும் இந்நோய்களுக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடவில்லை. தொடர்பு உண்டு, அதன் திசைதான் வேறு. சதுப்பு நிலத்தின் வாடை நம்மை நோக்கி வந்து நோய் தருவதில்லை. நம்முடைய மணமே நம்மை விட்டுப் புறப்பட்டுச் சென்று பூச்சியை அழைத்து வருகிறது.

இருளில் ஒரு தேடல்

கொசுக்களுள் பெண் மட்டுமே குருதி குடிக்கும். தன் பசிக்கு அது பூக்களின் தேனை நாடுகிறது. குருதியோ முட்டைகள் முதிர்வதற்கு வேண்டிய புரதத்துக்காக. ஒருவகையில் அதுவும் ஒரு தாயின் தேடலே.

நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ளது. சுற்றிலுமுள்ள காற்றில் அது 0.04 விழுக்காடு மட்டுமே. எனவே, உறங்குகிற மனிதனின் மூச்சு நூறு மடங்கு செறிவுள்ள ஓர் இழையாகக் காற்றில் மிதந்து செல்கிறது. கொசுவின் வாயருகே உள்ள சிறு உறுப்புகள் அவ்விழையை உணர்கின்றன. உணர்ந்ததும் அது காற்றை எதிர்த்துப் பறக்கத் தொடங்குகிறது. அருகில் வந்ததும் அதன் உணர்கொம்புகள் தோலின் மணத்தை ஆராய்கின்றன. இன்னும் நெருங்குகையில் உடலின் சூடும் ஈரமும் வழிகாட்டுகின்றன. இறுதியில் கால்களாலேயே தோலைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, ஊசியை இறக்குகிறது.

மூச்சு விடும் உயிரினம் எதுவும் கரியமில வாயுவை வெளியிடும். ஆடா, மாடா, மனிதனா என்று பிரித்தறிய வேறு அடையாளங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை அது ஈர்க்கிறது என்று 1968-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். நம் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் இதில் பங்கு கொள்கின்றன. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் கொசுவகை ஒன்று, அமர்ந்திருக்கும் மனிதனின் பாதங்களையும் கணுக்கால்களையுமே நாடுவதை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் பார்ட் நால்ஸ் கவனித்தார். பாத வாடையைப் போன்ற வாடையுடைய லிம்பர்கர் என்னும் பாலாடைக்கட்டியும் அக்கொசுவை ஈர்ப்பதை 1996-இல் அவர் அறிவித்தார். அக்கட்டியைப் பக்குவப்படுத்தும் நுண்ணுயிரும் நம் பாதங்களில் வாழும் நுண்ணுயிரும் நெருங்கிய உறவினர்கள்.

கென்ய நாட்டின் கடற்கரையை அடுத்த ரபாய் என்னும் இடத்தில் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. அங்கே ஏடிஸ் கொசுவில் இரு வகைகள் அருகருகே வாழ்கின்றன. காட்டு வகை விலங்குகளை நாடுகிறது; வீட்டு வகை மனிதனை நாடுகிறது. கரோலின் மெக்பிரைடும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனித மணத்தில் மிகுந்திருக்கும் சல்கடோன் என்னும் பொருளை உணரும் ஆற்றல் வீட்டு வகையிடம் கூர்மை பெற்றிருக்கிறது. நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து, நம்மை முகர்ந்தறிய அது கற்றுக்கொண்டது எனலாம்.

இந்த மூக்கை ஏமாற்றுவதும் எளிதன்று. ஒரு நரம்பணு ஒருவகை மணத்தையே உணரும் என்று அறிஞர் பலகாலம் கருதினர். ஏடிசின் நரம்பணு ஒன்றிலேயே பலவகை உணர்விகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு வழியை அடைத்தால் மறுவழி திறந்திருக்கும். உயிரோடு இருக்கும்வரை, மூச்சு விடும்வரை, இந்தத் தேடலிலிருந்து முற்றிலும் மறைந்துகொள்ள மனிதனால் இயலாது.

எல்லாருக்கும் ஒரே அளவன்று

ஆனால், எல்லாரும் ஒரே அளவில் தேடப்படுவதில்லை. “என்னைத்தான் கொசு அதிகம் கடிக்கிறது” என்று சிலர் சொல்லும்போது நாம் நகைப்பதுண்டு. நியூயார்க்கிலுள்ள ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோசால் குழுவினர் 64 பேரை முழங்கைக்குக் கீழே நைலான் உறைகளை அணியச் செய்து, அவ்வுறைகளில் படிந்த மணத்தைக் கொசுக்களின்முன் வைத்துச் சோதித்தனர். அவர்களுள் மிகுதியாகக் கொசுக்களை ஈர்த்தவர், மிகக் குறைவாக ஈர்த்தவரைக் காட்டிலும் ஏறக்குறைய 100 மடங்கு ஈர்த்தார். மிகுதியாக ஈர்ப்பவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. ஆண்டுகள் மூன்று சென்றபின்பும் அவர்களுடைய நிலை மாறவில்லை. 2022-இல் வெளிவந்த செய்தி இது.

இந்த அமிலங்கள் அழுக்கல்ல. தோல் தன்னைத் தானே ஈரப்பதத்தோடு காத்துக்கொள்ளச் சுரக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடும், அதில் வாழும் நுண்ணுயிர்களோடும் தொடர்புடையவை. அவர் செய்த பிழையால் அவை வரவில்லை. நாள்தோறும் குளித்தாலும் அவை நிலையாக நீங்குவதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவுற்ற பெண்களை நாடி வந்த மலேரியாக் கொசுக்கள் மற்றப் பெண்களை நாடி வந்தவற்றைப்போல் இரு மடங்கு என்று அது கண்டது. கருவுற்றவர் கூடுதலாக மூச்சு விடுகிறார். அவருடைய வயிற்றுப் பகுதியின் சூடும் சற்றே மிகுதி. இரு உயிர்களுக்காக மூச்சு விடுகிறவரே இரு மடங்கு தேடப்படுகிறார்.

இங்கே நம் மொழியின் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையே பெரிதும் குறித்தது. பூவுக்கும் நாற்றம் உண்டு என்று நம் முன்னோர் இயல்பாகச் சொன்னார்கள். இன்றோ அச்சொல்லை யாரும் பூவுக்குச் சூட்டுவதில்லை. சொல் இழிந்ததுபோலவே, மணத்தைக் கொண்டு மனிதரை இழிவுபடுத்தும் பழக்கமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உழைப்பவரின் வியர்வை, முதியோரின் படுக்கை, மருத்துவமனையின் பொதுப்பிரிவு, தாழ்த்தப்பட்டவராக்கப்பட்டவரின் தெரு ஆகியவற்றைக் கடக்கும்போது நம்முள் எத்தனை பேருடைய கை மூக்கை நோக்கிச் செல்கிறது! கொசு நம் மணத்தில் உயிரைக் காண்கிறது. மனிதனோ மனிதனுடைய மணத்தில் தரத்தைப் பார்க்கிறான்.

நோயுற்ற குழந்தையின் மணம்

நான் படித்தவற்றுள் என்னை நெடுநேரம் அமரவைத்தது, மேற்குக் கென்யாவில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு. குழந்தைகளை மூவர் மூவராக அமர்த்தினர். ஒரு குழந்தைக்கு நோய்த்தொற்று இல்லை. இன்னொரு குழந்தையின் குருதியில் ஒட்டுண்ணி உண்டு, ஆனால் பிறருக்குப் பரவும் நிலையில் இல்லை. மூன்றாவது குழந்தையிடம் அது பரவும் நிலையில் இருந்தது. கொசுக்கள் குழந்தைகளைக் கடிக்காதவாறு தடுத்து, அவர்களுடைய மணம் மட்டும் சென்றடையுமாறு அமைத்துப் பார்த்தபோது, மூன்றாவது குழந்தையை நோக்கி மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்குக் கொசுக்கள் வந்தன. பின்னர் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்துக் குணப்படுத்தி மீண்டும் சோதித்தபோது, அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குழந்தையின் உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி, தான் வெளியேற வேண்டிய காலம் வந்ததும் அக்குழந்தையின் மணத்தையே மாற்றி, தனக்கு வேண்டிய ஊர்தியைத் தானே அழைக்கிறது. அக்குழந்தை ஏதும் அறியாது. ஏற்கெனவே நோயால் வாடும் உடல், இன்னும் அதிகம் கடிபடும் உடலாகிறது. டெங்குவிலும் இதையொத்த ஒன்று நிகழ்வதைச் சீன ஆய்வாளர்கள் 2022-இல் அறிவித்தனர். டெங்கு நுண்மம் தொற்றிய எலிகளின் தோலில் சில நுண்ணுயிர்கள் பெருகி, கொசுவை ஈர்க்கும் அசிட்டோபினோன் என்னும் மணப்பொருளை மிகுதியாக்கின. டெங்கு நோயாளிகளின் தோலிலும் அம்மணப்பொருள் கூடுதலாகக் காணப்பட்டது.

2012-இல் மருத்துவமனையில் அந்தச் சிறுமியைக் காணச் சென்றபோது, பட்டப்பகலில் அவள் கொசுவலைக்குள் படுத்திருந்தாள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. ஆகையால் பகலிலும் வலை. நோயாளியின் குருதியைக் குடிக்கும் கொசு சில நாள்களில் நோயைப் பரப்பும் கொசுவாகிவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உடன் வந்திருந்த உறவினர் ஒருவர், “புள்ளைய ஒதுக்கி வச்சிருக்காவ” என்று முணுமுணுத்தார். போர்வையாக விரிக்கப்பட்டது அவர் கண்ணுக்கு வேலியாகத் தெரிந்தது. ஊராரும் அப்படித்தான் பேசினர். அவள் இறந்தபின் அந்தச் சொல் வீட்டின்மேல் ஏறியது: நாறுகிற வீடு.

குற்றமும் பொறுப்பும்

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், இயற்கைத் தீமை வேறு, ஒழுக்கத் தீமை வேறு என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். நில அதிர்ச்சியும் நோயும் முதல் வகை. பொய்யும் களவும் இரண்டாம் வகை. முன்னதில் துன்பம் உண்டு, குற்றவாளி இல்லை. பின்னதில் மனித விருப்பம் உண்டு, ஆகவே குற்றமும் உண்டு. தேர்வுக்கு எழுதும்போது இந்தப் பாகுபாடு தெளிவாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு தாயின்முன் நிற்கும்போது அது அத்துணைத் தெளிவாக இல்லை.

கொசுவிடம் குற்றம் இல்லை. புனித அகுஸ்தினார், ஈயும் தவளையும் எதற்காகப் படைக்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒவ்வொன்றும் தன் வகையில் அழகுடையது என்றார். அவருடைய தெரியாமையில் இருந்த பணிவு, என்னுடைய ‘திருவுளம்’ என்னும் விடையில் இல்லை. நான் இறைவனின் பெயரைச் சொல்லி, விளக்க முடியாத ஒன்றை விளக்கிவிட்டதாக நடந்துகொண்டேன்.

கடிபட்டவரிடமும் குற்றம் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியதையும், அந்த வினாவையே இயேசு ஏற்க மறுத்ததையும் நாம் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே, துன்புறும் குடும்பத்தைப் பார்த்து அதே வினாவைக் கேட்கிறோம். பாவம் என்னும் சொல்லுக்குப் பதிலாக அழுக்கு என்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

அழுக்கு என்பதும் உண்மையன்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் சாக்கடையை நாடுவதில்லை. குடத்திலும் தொட்டியிலும் சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே அது முட்டையிடுகிறது. அந்தத் தாயின் வீட்டில் குடங்கள் நிறைந்திருந்தது உண்மை. அத்தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. எட்டு நாள் நீரைச் சேமித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன? ஆப்பிரிக்காவிலும் இதே வரலாறுதான். நீண்ட வறண்ட பருவம் நிலவும் பகுதிகளிலும் நெருக்கமான நகரங்களிலும் வாழும் ஏடிசே மனித மணத்தை மிகுதியாக விரும்புகிறது என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. மரப்பொந்துகளில் நீர் வற்றும்போது, மனிதர் சேமித்த நீரே அதற்குப் புகலிடம். தாகத்துக்காக வைத்த நீர், தேடி வருபவளுக்குத் தொட்டிலாயிற்று.

குற்றவாளி யாரும் இல்லை என்றால் பொறுப்பும் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடுமா? இங்கேதான் நாம் இடறுகிறோம். ‘யார் செய்தது?’ என்று திரும்பிப் பார்ப்பது குற்றம் பற்றிய கேள்வி. ‘யார் செய்ய வேண்டும்?’ என்று முன்னோக்கிப் பார்ப்பது பொறுப்பு பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு விடை இல்லாத இடங்களிலும் இரண்டாவது கேள்விக்கு விடை உண்டு. முதல் கேள்வியை ஏழையின் வாசலில் நின்று உரக்கக் கேட்பவர்கள், பெரும்பாலும் இரண்டாவது கேள்வி தம் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

என் வாசலுக்கு அது வந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நகராட்சிப் பணியாளர் இருவர் எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பார்வையிட வந்தனர். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு மக்கள் கொண்டுவந்து வைத்த பூச்சாடிகள் அப்படியே இருந்தன. பூக்கள் உலர்ந்திருந்தன, மழைநீர் நிறைந்திருந்தது. ஒரு சாடியைச் சாய்த்து எனக்குக் காட்டினர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அடுத்த சாடியிலும் அப்படியே. அவற்றிலிருந்து பறந்த கொசுதான் அந்தச் சிறுமியைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாய் என்னிடம் கேள்வி கேட்டபோது, அச்சாடிகளுக்கு நடுவில்தான் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.

வேலியா, போர்வையா?

கென்ய நாட்டின் விக்டோரியா ஏரியிலுள்ள ருசிங்கா தீவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மனித மணத்தைப் போன்ற செயற்கை மணத்தைப் பொறிகளில் வைத்து, கொசுவை அப்பொறிக்குள் ஈர்த்துப் பிடிக்கும் முயற்சி அது. பொறியின் விசிறியை இயக்கச் சூரிய ஒளியால் மின்சாரம் தரும் தகடுகளை வீடுகளில் பொருத்தினர். அதனால் வீட்டுக்கு விளக்கும் கிடைத்தது. பொறி பொருத்தப்பட்ட வீடுகளில் மலேரியாவின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2016-இல் முடிவுகள் வெளியாயின. நம்மைக் காட்டிக்கொடுத்த அதே மணம் நம்மைக் காக்கும் கருவியாயிற்று. ஒரு வீட்டின் பொறி பிடிக்கும் கொசு அடுத்த வீட்டைக் கடிக்காது என்பதால், வீடு வீடாகத் தீவு முழுவதும் சேர்ந்தபோதே இதன் பயன் முழுமையாயிற்று.

நோயுற்ற குழந்தையின் மணம் பற்றிய ஆய்வும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறது. அந்தக் குழந்தையை விட்டு ஓடுவதால் ஊர் தப்புவதில்லை.  அக்குழந்தைக்கு வலை விரித்து, மருந்து கொடுத்து, குணமாக்கும்போதே ஊர் தப்புகிறது. குணமான குழந்தையின் மணம் மற்றக் குழந்தைகளின் மணத்தைப்போல் ஆகிவிடுகிறது என்பதை முன்பே கண்டோம்.

ஒருவர் இங்கே மறுத்துக் கேட்கலாம்: “அப்படியானால் நம் நலத்துக்காகத்தானே பிறரைக் காக்கிறோம்? இதில் அன்பு எங்கே இருக்கிறது?” நல்ல கேள்வி. பிறன் நோயுற்றால் எனக்கும் நோய் வரும் என்னும் கணக்கு அன்பாகிவிடாது. பிறருக்குத் தொற்றாத நோய்களும் உண்டு. அந்நோயாளிகளைக் கைவிட்டாலும் நமக்குக் கேடு வராது. அவர்களையும் நாம் கைவிடலாகாது. எனவே அன்பு இந்தக் கணக்கின்மேல் நிற்பதில்லை. இயற்கை நமக்குக் காட்டுவது வேறொன்று. ஒருவருடைய உடல் மற்றவருடைய உடலோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. நான் தனியன், என் வீடு தூய்மையானது, ஆகவே நான் காப்பாக இருக்கிறேன் என்னும் எண்ணம் பொய் என்று உணர்த்துகிறது. அந்தப் பொய் விலகிய இடத்தில் அன்பு செய்வதா, இல்லையா என்பதை நாம்தாம் முடிவு செய்ய வேண்டும். எந்த ஆய்வும் நமக்காக அதை முடிவு செய்யாது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் இறந்தோர் 5,97,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ‘இவளை மட்டும் ஏன்?’ என்னும் கேள்வியை எத்தனை தாய்மார்கள் எத்தனை மொழிகளில் கேட்டிருப்பார்கள்! அக்கேள்விக்கு அறிவியல் ஒரு பகுதி விடை தருகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளிடையேயும் தோலின் மணம் வேறுபடலாம். ஒருவேளை மூவரையுமே கொசு கடித்திருக்கலாம். ஒரே நுண்மம் ஒருவருக்குச் சிறு காய்ச்சலாகவும் இன்னொருவருக்கு மரணமாகவும் முடிவதுண்டு. அதற்கு அப்பால் எஞ்சுகிற ‘ஏன்’ என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்று சொல்வதே நேர்மை என்று இப்போது எண்ணுகிறேன்.

ஆனால் அவர் சொன்ன இரண்டாவது சொல்லுக்கு விடை உண்டு, அன்றே உண்டு. அதைச் சொல்ல எந்த ஆய்வும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டிலிருந்து, நான் பணியாற்றும் பங்குகளிலெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று ஓர் அறிவிப்புச் செய்கிறேன்: பூச்சாடிகளில் நீர் ஊற்றாதீர்கள், ஈர மணல் நிரப்பிப் பூவை நட்டு வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழைய பங்குக்கு ஒரு திருமணத் திருப்பலிக்காகச் சென்றிருந்தேன். பலிக்குப் பின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றபோது அந்தத் தாய் அங்கே இருந்தார். மகளின் கல்லறைமீது மணல் நிரப்பிய சாடி ஒன்று இருந்தது. நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“உங்க வீடு நாறுத வீடு இல்லம்மா.”

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியும் சாமி. அத நீங்க அன்னைக்கே ஊருக்கு முன்னால சொல்லியிருக்கலாம்” என்றார்.

அந்தக் கண்டிப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வாசக அன்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். அவ்வீட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதைக் காலம் தாழ்த்தாமல், ஊர் கேட்கச் சொல்லிவிடுவோம்.